பினாங்கில் நான் மறுத்த உணவும் எழுதிய கடிதமும்

முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். அவற்றுள் பதினோராண்டுகள் துறைத்தலைவராகவும் இருந்தேன். அக்காலம் முழுவதிலும் நான் கையொப்பமிட்ட கடிதம் எதையும் திரும்பப் பெற்றதில்லை. இதைத் தற்பெருமையாகக் கூறவில்லை. பினாங்குத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒரு நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நான் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்பது வாசகர்க்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், லெபோ பசார் என்னும் கடைவீதிக்கு அருகே, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பழைய தமிழ்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் கூடத்தில் சனி, ஞாயிறு பிற்பகல்களில் ஓர் ஆங்கில வகுப்பு நடைபெறுகிறது. கற்போர் பல நாட்டவர். தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் கமலவேணி என் மனைவியின் சித்தப்பா மகள். அங்கேயே பிறந்து, அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ‘ஆங்கில வகுப்பு என்று கூடத்தை வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு மொழி பேசுகிறார்கள், மொழிபெயர்ப்பதெல்லாம் போன்தான்’ என்று சங்கத்தில் புகார் எழுந்தது. கூடத்தைத் தொடர்ந்து கொடுப்பதா, நிறுத்துவதா என்று முடிவு செய்யுமுன், தாய்நாட்டிலிருந்து ஓர் ஆங்கிலப் பேராசிரியரின் எழுத்துமூலமான கருத்தைப் பெறுவது என்று செயற்குழு தீர்மானித்தது. நான் எழுதிய கட்டுரைப் பயிற்சி நூல் ஒருகாலத்தில் அங்கே புழக்கத்தில் இருந்ததாம். ஆகவே அழைப்பு எனக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை, கெலுகோரில் கமலவேணியின் அடுக்குமாடி வீட்டில் கண்விழித்தேன். சன்னலுக்கு வெளியே மலையும் இல்லை, கடலும் இல்லை. வெண்புகைபோல் ஒன்று மட்டுமே நின்றிருந்தது. பின்னர் அதற்குள்ளிருந்து ஒரு மரம், அதன்பின் ஒரு பாலத்தின் துண்டு, அதற்கும் பின்னே ஒரு கப்பல் என, யாரோ நினைவுபடுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல் ஊர் தோன்றிற்று. திருச்சியில் பொழுது அப்படி விடிவதில்லை. அங்கே வெயில் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடும்.

“அத்தான், பசியாற வாங்க” என்று கமலவேணி அழைத்தாள். காலை உணவை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறும், பொரித்த நெத்திலியும், காரமான சம்பலும் வைத்தாள். இட்லியைத் தவிர வேறெதையும் காலையில் தொடாத நான், முதற் கவளத்தை ஐயத்தோடும் ஏனையவற்றை மௌனத்தோடும் உண்டேன்.

“ஒண்ணு சொல்லிடறேன் அத்தான். எனக்காக எழுதாதீங்க. பாத்துட்டு எழுதுங்க” என்றாள்.

“உறவு என் பேனாவைத் தொடாது” என்றேன்.

“தொடாதுன்னு தெரியும். அதனாலதான் பயமா இருக்கு” என்று சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துச் சென்றாள்.

வெள்ளிக்கிழமை, சங்கச் செயலாளர் சண்முகநாதனை ஒரு தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில் சந்தித்தேன். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை முடிந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தமையால் பெரிய கறுப்புக் கண்ணாடி அணிந்து, சினிமாவில் இரகசியப் போலீஸ் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க ஐயா, வாங்க. பசியாறிட்டீங்களா?”

“ஆயிற்று.”

“ஆயிருச்சா? பரவால்ல லா, இன்னொரு தடவ பசியாறுங்க. அண்ணே! ஐயாவுக்கு ரெண்டு ரொட்டி, கறி தனியா. தே தாரிக் ஒண்ணு.”

பேச்சின் வாலில் ‘லா’ ஒட்டுவது அவ்வூர் வழக்கம். வேண்டாம் என்று கைகூப்பினேன். அவருடைய கண்களுக்குத்தான் என் கை தெரியாதே. ரொட்டி வந்தது. கடைக்காரர் தேநீரை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்து ஆற்றினார். பழுப்பு நிறத்தில் ஒரு துணி காற்றில் விரிந்து மடிவதுபோல் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குக் கண் செருகியது.

“டாக்டர் படிக்கக்கூடாதுன்னுட்டாரு” என்றார் சண்முகநாதன். “பேப்பர்கூட ஹேண்ட்போன்தான் படிச்சுக் காட்டுது. அந்தப் பொண்ணு குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்தவங்க செய்தியையும் படம் ரிலீஸ் செய்தியையும் ஒரே மாதிரி சந்தோசமா படிக்குது லா.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “கமலா டீச்சர் தங்கமானவங்க. அதுல பேச்சே இல்ல. ஆனா கமிட்டியில வேலாயுதம்னு ஒருத்தர், டேபிளத் தட்டித் தட்டிப் பேசுறாரு. நீங்க எழுதிக் கொடுங்க. எஸ்னா எஸ், நோன்னா நோ. எங்க தலவலி விடும்.”

இந்தக் கூடம் கிடைக்காவிட்டால் வகுப்பு எங்கே நடக்கும் என்று கேட்டேன். எங்கும் நடக்காது என்றார். கற்போரில் பாதிப்பேர் பெருநிலத்திலிருந்து பட்டர்வொர்த் வழியாக ஃபெரி ஏறி வருகிறவர்கள். படகுத்துறையிலிருந்து நடந்து வரும் தொலைவில் வேறு இடம் இல்லை.

சனிக்கிழமை நண்பகலில் நான் எதுவும் உண்ணவில்லை. முந்தைய நாளின் இரட்டைப் பசியாறல் வயிற்றில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மாடிப்படி ஏறியபோது, உள்ளே மழைக்கால மரத்தில் பறவைகள் அடைவதுபோன்ற ஓர் இரைச்சல் கேட்டது. பதினாறு பேர் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்திருந்தனர். ஒருவர் தம் மொழியில் போனுக்குச் சொல்கிறார். போன் எதிரே இருப்பவரின் மொழியில் சொல்கிறது. கீழே ஆங்கிலத்திலும் எழுதிக் காட்டுகிறது. பர்மிய மொழி, சீனத்தின் ஏதோ ஒரு கிளை, வங்காளம், தமிழ், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மிதந்தன. மின்விசிறிகள் மெல்லச் சுழன்றன. நான் கற்பிக்கப் பிறந்த அந்த ஒரு மொழியை மட்டும் எவரும் வாயால் பேசவில்லை.

கமலவேணி என்னை மா தந்தார் என்னும் பர்மியப் பெண்ணுக்கு எதிரே அமர்த்தினாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர், நாற்பது வயதிருக்கும், கன்னங்களில் சந்தனம்போல் ஏதோ பூசியிருந்தார். அவர் தம் போனிடம் மெல்லப் பேசினார். போனிலிருந்து ஒரு பெண் தமிழில் சொன்னாள்: “ஐயா, உங்கள் வருகையால் நாங்கள் மகிழ்ச்சி அடைகிறோம்.” பிழையில்லாத தமிழ்தான். ஆனால் எந்த ஊர்ப் பெண், எந்தச் சாதி, எந்த வயது என்று எவராலும் சொல்ல முடியாத குரல். உறக்கத்தில் நம்மிடம் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

நான்கு மணிக்கு இடைவேளை. கமலவேணி கீழே ஏதோ வேலையாகச் சென்றாள். எல்லோரும் உணவுப் பாத்திரங்களைத் திறந்தார்கள். மா தந்தார் ஓர் எவர்சில்வர் பாத்திரத்தைத் திறந்தார். ஊறவைத்த தேயிலையோடு பொரித்த பயறும் எள்ளும் வேர்க்கடலையும் கலந்த ஒன்று. பூண்டின் வாசனை எழுந்தது. என் வயிறு அப்போதுதான் தன் நிலையை எனக்கு அறிவித்தது.

போன் கேட்டது: “ஐயா, நீங்கள் சாப்பிடுகிறீர்களா?”

“வேண்டாம் அம்மா. நீங்கள் சாப்பிடுங்கள்” என்றேன்.

போன் அதைப் பர்மிய மொழியில் சொன்னது. மா தந்தார் தலையசைத்துப் பாத்திரத்தை அடுத்த மேசைக்கு நகர்த்திவிட்டார்.

நான் காத்திருந்தேன். மிதிவண்டி பழுதுபார்க்கும் சீன முதியவர் ஒருவர் வாழைப்பழப் பஜ்ஜியோடு வந்தார், அவருடைய போன் கேட்டது, நான் மறுத்தேன், அவரும் போய்விட்டார். இன்னொருவர் நூடுல்ஸோடு வந்தார், அவரும் அவ்வாறே. எங்கள் பக்கத்தில் ஒரு விருந்தாளி முதல் முறையிலேயே சரி என்பது அநாகரிகம். இரண்டாம் முறை வற்புறுத்துவது வீட்டுக்காரரின் கடமை. மூன்றாம் முறை இலையில் விழுந்தே தீரும். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் மறுக்கிறோம். இங்கோ என் மறுப்பை ஒவ்வொருவரும் மெய்யென்று ஏற்றுக்கொண்டு, பணிவோடு நகர்ந்து சென்றார்கள். நிறைந்த பந்தியின் நடுவே, கனவில் கால் ஓடாததுபோல் கை நீளாமல் அமர்ந்திருந்தேன்.

இடைவேளை முடியுமுன்பே எழுந்தேன். கமலவேணி படியில் எதிர்ப்பட்டாள். “அத்தான், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுதான் முக்கியம்” என்றாள். “பார்த்தது போதும்” என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

எந்தப் பேருந்து என்று நான் எவரையும் கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமன்று. குளிரூட்டிய பேருந்தின் சன்னலோரத்தில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது வயல்கள், மூங்கில்கள், தலைக்குமேல் நீலமாய் ஒரு மலை. ஒரு கணம், காலமாகிவிட்டோமோ என்றே எண்ணினேன்.

“ஐயா, பாலிக் புலாவ் லா. லாஸ்ட் ஸ்டாப். எறங்கலையா?” என்றார் ஓட்டுநர், நம்மவர்.

“கெலுகோர்?”

“கெலுகோரா! நீங்க தீவோட மறுபக்கம் வந்துட்டீங்க ஐயா. ஒக்காருங்க, இருவது நிமிசத்துல இதே வண்டிதான் திரும்பும்.” பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். “கறி பாப், சாப்புடுங்க.”

“வேண்டாம் தம்பி.”

“சும்மா புடிங்க ஐயா.”

“பரவாயில்லை…”

“மொகமே சொல்லுது பசின்னு. புடிங்க!” கையில் திணித்தார். உள்ளே உருளைக்கிழங்கு மசாலா சூடாக இருந்தது. அந்த மலையடிவாரத்தில், இன்னும் பாதிக் கனவிலேயே, அதை உண்டு முடித்தேன்.

ஆகவே அன்று அந்திப்பொழுதில் நான் எழுதிய கடிதத்தைப் பசியில் எழுதியதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. கோபத்தில் எழுதினேன். ஆனால் கோபம் தெரியாமல், தமிழ்ச் சங்கத்துக்கு என்பதால் தமிழிலேயே எழுதினேன். அது எங்கள் தலைமுறையின் பயிற்சி. முதற் பத்தியில் ஆசிரியையின் அர்ப்பணிப்பைப் போற்றினேன். இரண்டாம் பத்தியில் கற்போரின் ஆர்வத்தைப் போற்றினேன். மூன்றாம் பத்தியில் அறிவியலின் விந்தையைப் போற்றினேன். நான்காம் பத்தியில் ஒரே வாக்கியம்: “இத்துணைச் சிறப்புகளும் பொருந்திய இம்முறையைச் சபையோர் தம் நல்லறிவால் மேலும் சீர்தூக்கிப் பார்ப்பார்களாயின், அது மொழிக்குச் செய்யும் பெருந்தொண்டாக அமையும்.” எங்கள் கல்லூரியில் இப்படியொரு கடிதம் கண்ட எவரும், மூன்று பத்திப் பாராட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அறிந்துகொள்வர். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்தேன். உறையில் இடவில்லை.

ஞாயிறு காலை நான் எழுந்து வந்தபோது அது மேசைமேல் இல்லை.

“கமிட்டிலேருந்து பிரகாஷ் தம்பி வந்தாரு. கொடுத்துட்டேன் அத்தான்” என்றாள் கமலவேணி. சம்பலை இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவள் முகத்தில் எதுவும் இல்லை. படித்திருக்கமாட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

மாலை ஐந்தரைக்குச் செயற்குழு கூடுவதாயிருந்தது; நானும் உடனிருக்க வேண்டும். அதுவரை வகுப்பில் முகம் காட்டாதிருப்பது நல்லது என்று கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஆனால் நான்கு மணிக்கு மழை பிடித்தது. அது பெய்த மழையன்று. வானம் முழுவதுமாக இறங்கி வீதியில் நின்றது. கடைகளின் முன்னுள்ள வளைவு நடைபாதைகளுக்குள் ஒதுங்கி ஒதுங்கி, எதிரே நான்கு கடைகளுக்கப்பால் எதுவும் தெரியாத நிலையில், இறுதியில் எந்தப் படியில் ஏறினேன் என்று பார்த்தால், அதே ஜவுளிக்கடையின் மாடிப்படி.

கூடம் அமைதியாக இருந்தது. வாசலருகே ஒரு பெரிய பிஸ்கட் டின். அதற்குள் எல்லாருடைய போன்களும் கிடந்தன. மழையிரைச்சலில் அவ்வப்போது ஒன்று மட்டும் டின்னுக்குள் தேனீபோல் முரன்றது. இரண்டாவது மணி நேரத்தின் முறை அது என்று பின்பு அறிந்தேன். போனை டின்னில் போட்டுவிட வேண்டும். முதல் மணியில் எதிரே இருந்தவர் என்ன சொன்னார் என்பதையும், போன் எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும், எழுந்து நின்று சொந்த ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தெரியாததை அவரிடமே கேட்டறிய வேண்டும். பிறகு அதை ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

நான் கடைசி பெஞ்சில் அமர்ந்தேன். மிதிவண்டிக்கடை முதியவர் எழுந்து, சொற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பதுபோல் சொன்னார்: “நான் மா தந்தாரிடம் பேனா கேட்டேன். கொடுத்தார். கொடுக்கும்போது இடது கையால் தன் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டார். கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, எங்கள் நாட்டில் மரியாதை என்றார். போனுக்குக் கண் இல்லை.”

கைதட்டினார்கள். அடுத்து மா தந்தார் எழுந்தார். “இந்த அங்கிள் ஒவ்வொரு வகுப்பிலும் என்னிடம், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன், சோறு, மீன், கத்தரிக்காய், எல்லாம் சொன்னேன். ஒரு மாதம் சொன்னேன். அவர் வணக்கம் சொல்கிறார் என்று இன்று தெரிந்தது.”

சிரிப்பு அடங்குமுன் அவர் பக்கத்தைப் புரட்டினார். அப்போதுதான் நான் அமர்ந்திருப்பதைக் கண்டார். சற்றுத் தயங்கினார். கமலவேணி என்னையும் அவரையும் பார்த்துவிட்டு, “படி” என்றாள்.

“நேற்று பெரிய ஆசிரியரிடம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். போன், வேண்டாம் என்று சொன்னது. போன் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் போன இடத்தையும் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. பிறகு ராஜாமணி அக்காவிடம் கேட்டேன்.”

ராஜாமணி, சலவைக்கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண்மணி, முன்வரிசையிலிருந்து வாய்விட்டே சொன்னார்: “எங்க ஆளுங்க மூணு தடவ கேட்டாத்தான் சாப்பிடுவாங்கன்னேன். அதுவும் வாத்தியாருன்னா நாலு தடவ லா!”

“நான் ஒரு முறைதான் கேட்டேன். அது என் தவறு. அடுத்த முறை மூன்று முறை கேட்பேன்” என்று மா தந்தார் முடித்தார். இடக்கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நோட்டைக் கமலவேணியிடம் கொடுத்தார்.

கூடம் சிரித்தது. இகழ்ச்சியற்ற சிரிப்பு. நானும் சிரித்திருக்கலாம். என் பசி பதினாறு பேரின் பாடமாகிவிட்டது என்பது மட்டுமே அப்போது என் மனத்தில் இருந்தது. பிறகு, மழை சற்றே தணிந்தபோது, வேறொன்று தோன்றிற்று. முப்பத்தாறு ஆண்டுகளில் என் மாணவர் எவரும் எழுந்து நின்று, ‘இவர் சொன்னது இது, எனக்குப் புரியாதது இது, கேட்டறிந்தேன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னதில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அவ்வளவே. நேற்று நான் பாதி வகுப்பைப் பார்த்துவிட்டு முழுக் கடிதம் எழுதியிருந்தேன்.

மாலை ஐந்தரைக்குப் பின்னறையில் செயற்குழுவினர் ஐவரும் அமர்ந்தார்கள். கமலவேணி சுவரோரம் நின்றாள். கடிதத்தைத் திருத்த வேண்டும் என்று எப்படித் தொடங்குவது என நான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தபோதே, சண்முகநாதன் கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“ஐயாவோட லெட்டருக்கு ரொம்ப நன்றி. பிரச்சின தீந்துச்சு. ஐயாவே சப்போர்ட் பண்ணி எழுதிட்டாரு. வகுப்பு நடக்கட்டும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில் கடிதத்தை வாங்கிச் சென்ற பிரகாஷ் என்ற பொறியாளர், முப்பத்தைந்து வயதிருக்கும், மலாய்ப் பள்ளியில் படித்தவர், தம் போனைக் காட்டினார். “எனக்குத் தமிழ் படிக்க வராது சார். போட்டோ எடுத்து டிரான்ஸ்லேட் பண்ணி குரூப்ல போட்டுட்டேன். உங்க ஹேண்ட்ரைட்டிங் சூப்பர் சார், ஒரு எழுத்துகூட தப்பாகல.”

அவருடைய போனில் என் கடிதத்தை ஆங்கிலத்தில் படித்தேன். உண்மைதான்; இயந்திரம் ஒரு சொல்லையும் பிழையாக மாற்றவில்லை. மூன்று பத்திகள் பாராட்டு. இறுதியில், இன்னும் கவனித்துப் பார்த்தால் மொழிக்குத் தொண்டு என்று. எங்கள் வழக்கம் அறியாத எவரும் அதை ஆதரவென்றே கொள்வர். ஐவரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் சண்முகநாதன் ஒருவரே. அவருக்கோ டாக்டர் தடை. மற்ற இருவரைப் போலவே, மேசையைத் தட்டும் வேலாயுதமும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். கைகளைக் கட்டிக்கொண்டு, தோற்றவராக அமர்ந்திருந்தார். நேற்று வகுப்பினர் என் மறுப்பை அப்படியே நம்பியதுபோல், இன்று இவர்கள் என் பாராட்டையும் அப்படியே நம்பியிருந்தார்கள்.

பேசாதிருந்தால் வகுப்பு பிழைக்கும். எனக்கு வேண்டியதும் இப்போது அதுவே. நான் கமலவேணியைப் பார்த்தேன். அவள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் என் கடிதத்தைத் தமிழில் படித்தவள் அவள் ஒருத்தி என்று அப்போது தெரிந்தது. படித்துவிட்டுத்தான் தன் கையாலேயே அதைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு எழுந்தேன். கீழே ஒரு கடையில் ஓடிய பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்வரை நின்றேன். கடிதம் சங்கத்தின் கோப்பில் இருக்கும். என்றேனும் தமிழ் அறிந்த ஒருவர் அதைப் படிப்பார். என் கையொப்பத்தின்கீழ் சொன்னதொன்றும் நடந்ததொன்றுமாக இருக்கும். முதலில் நினைத்தது அதைத்தான், மறைக்க மாட்டேன். அதன் பின்னரே, தன் தவறைத் தானே எழுதி, எழுந்து நின்று படித்த அந்தப் பர்மியப் பெண்ணை நினைத்தேன்.

“அந்தக் கடிதம், வகுப்பு ‘வேண்டாம்’ என்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “போனின் பிழையன்று. நாங்கள் அவ்வாறு எழுதுவது வழக்கம். வகுப்பை நிறுத்துமாறு எழுதினேன். பாதி வகுப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன். அதைத் திரும்பப் பெற விரும்புகிறேன்.”

வேலாயுதத்தின் கைகள் அவிழ்ந்தன. மேசை அதிர்ந்தது. “பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன். நேத்து நோ, இன்னைக்கு எஸ். நாளைக்கு என்ன லா? இவரு பேச்ச எப்படி நம்புறது?”

“பசியில எழுதிட்டீங்களா சார்?” என்று பிரகாஷ் மெல்லக் கேட்டார், எனக்கு ஒரு வழி திறந்துவிடுபவராக; பாத்திரக் கதை அதற்குள் பின்னறைக்கும் எட்டியிருந்தது.

“இல்லை. கறி பாப் சாப்பிட்டிருந்தேன்.”

சண்முகநாதன் என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். “ஐயா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. நடக்கணுமா, வேணாமா?”

“நடக்க வேண்டும்” என்றேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த கருத்துகளில் அதுவே மிகச் சிறியது.

கைதூக்கினார்கள். ஒருமனதாகக் கிடைத்திருக்க வேண்டியது, என்னால் மூன்றுக்கு இரண்டாகச் சுருங்கியது. கூடம் ஆறு மாதங்களுக்கு. பிறகு மீண்டும் பார்ப்பது. இனி வெளியார் கருத்தைக் கேட்பதில்லை என்றும் வேலாயுதம் எழுதிக்கொள்ளச் செய்தார். என் கடிதத்தைப் பிரகாஷ் திருப்பித் தந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பொன்னாடையை என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. ஆகையால் அதைப் போர்த்தியபடியே படியிறங்கினேன்.

வெளியே மழை முழுவதும் விட்டிருந்தது. வீதியே ஒரு நீர்நிலையாகி, கடைகளின் விளக்குகள் தலைகீழாக எரிந்துகொண்டிருந்தன. வகுப்பினர் எவரும் போகாமல் கீழே காத்திருந்தார்கள். கமலவேணி ஆறு விரல்களைக் காட்டினாள். கூச்சல் எழுந்தது. பிறகு எல்லோரும் படகுத்துறையை நோக்கி நடந்தோம்.

“காலையிலயே படிச்சேன் அத்தான்” என்றாள் கமலவேணி, எனக்கு மட்டும் கேட்கும்படி. “ரொம்ப நல்ல தமிழ்.”

சற்றுத் தூரம் சென்றபின் அவளே சொன்னாள்: “ஆறு மாசம் போதும் அத்தான். ஏமாத்தி ஆறு வருசம் நடத்துறதுக்கு, இது பரவால்ல.”

துறையில் ஃபெரி வந்து நின்றிருந்தது. அக்கரையில் பட்டர்வொர்த்தின் விளக்குகள் ஈரக் காகிதத்தில் மை ஊறியதுபோல் கசிந்து தெரிந்தன. ஏறும் கூட்டத்திலிருந்து விலகி மா தந்தார் என்னிடம் வந்தார். கையில் ஒரு சிறிய எவர்சில்வர் பாத்திரம். போனை வெளியே எடுக்கவில்லை. இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டு, பாத்திரத்தை நீட்டி, ஆங்கிலத்தில் கேட்டார்: “சார், சாப்பிடுகிறீர்களா?”

“கொடுங்கள்” என்று உடனே வாங்கிக்கொண்டேன்.

அவர் திகைத்துப்போனார். ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல் கமலவேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாத்திரம் என் கையில் இருந்தது. ஃபெரியில் மணி அடித்தது.

“சார், இன்னும் இரண்டு முறை இருக்கிறது” என்றார்.

ஆகவே நான் பாத்திரத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் ஆம் என்றேன். அதன் பின்னரே அவர் ஓடிப்போய் ஃபெரியில் ஏறினார்.